தன்மை, முன்னிலை, அக்கா

எங்கள் அக்கா மடித்து வைத்த சட்டையைப் பிரிக்கவே மனம் வராது, டீச்சர். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்காது. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் சமர்த்தாகப் போயிருக்கும். கடையில் வாங்கும் புதுச் சட்டை குண்டூசியின் தயவில் நிற்கிறது; அக்காவின் மடிப்புக்குக் குண்டூசி தேவைப்படாது. இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கு அக்காமேல் எந்தக் குறையும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வியாழக்கிழமை சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏன் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க. தன்மையில எழுதுங்க. பூசி மெழுகாதீங்க." மெழுகுவது என் தொழில், அது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசை வைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். பதினெட்டு வருடமாக இதே வேலை. யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஊரில் நாலு பேர் சிரித்தால் அதில் ஒருவர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார், ஆனால் அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இத்தனை பேருடைய வாய்க்குள் போய் வந்தவன், அந்த வாய்களில் என்ன பேச்சு வரும் என்று தெரியாமலே செத்துப் போவதா என்று ஒருநாள் தோன்றியது. அந்த வாரமே உங்கள் கதை வகுப்பில் சேர்ந்தேன். சைக்கிள் கடை மாடி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, எட்டு நாற்காலி, ஒரு கரும்பலகை.

முதல் நாள் பலகையில் மூன்று சொல் எழுதினீர்கள்: தன்மை, முன்னிலை, படர்க்கை. பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பரீட்சைக்குப் படித்து மறந்த சங்கதி. கதையை யாருடைய கண்ணால் சொல்கிறோம் என்பதுதான் முக்கால்வாசிக் கதை என்றீர்கள். 'நான்' என்று ஆரம்பித்தால் அந்த நானுக்குத் தெரிந்தது மட்டும்தான் கதைக்குள் வரலாம். 'அவன்' என்று எழுதினாலும் அப்படி ஒன்றும் அவிழ்த்துவிட்ட மாடாகத் திரிய முடியாது, யாராவது ஒருவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும், அவர் திரும்பினால்தான் நாமும் திரும்பலாம் என்றீர்கள். கடைசியில், போகிற போக்கில், எல்லாருடைய மனசும் தெரிந்தவராக மேலேயிருந்து சொல்வது என்று இன்னொன்றும் உண்டு என்றீர்கள்.

"அதை இப்பத் தொடாதீங்க. ஆரம்பத்துல அதைக் கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே குறைதான் சொல்லி வந்தீர்கள். பயிற்சி ஒன்று: பேருந்தில் பல்செட்டைத் தொலைத்த ஓய்வுபெற்ற நீதிபதி. பயிற்சி இரண்டு: புதுப் பல்லோடு முதல் முறை முத்தமிடும் மனிதர். பயிற்சி மூன்றிலும் பல்தான். மூன்றின் அடியிலும் சிவப்பு மையில் ஏறக்குறைய ஒரே குறிப்பு. "உங்கள் பாத்திரங்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. ஒன்றாவது தெரியாமல் இருக்கட்டும். தெரியாதவர் எப்படி நடந்துகொள்வார் என்று உற்றுப் பாருங்கள்."

டீச்சர், நான் உங்கள்மேல் பழி போடவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு இன்னும் என் நோட்டில் இருக்கிறது, உங்கள் கையெழுத்தில்.

அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. என்னைவிட ஐந்து வயது பெரியவள், நாற்பத்து நான்கு. திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டில் அவளும் நானும்தான். என் சாப்பாடு, என் துணி, என் கரண்ட் பில், என் இருமல் எல்லாம் அவள் பார்வையில்தான் நடக்கின்றன. போன வருடம் அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர்தான் நம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்த கண்ணாடிக்காரர். அவர் பெயரை நீங்களும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதவில்லை.

கண்ணாடி வாங்கிய இரண்டாவது வாரம் அக்காவுக்கு ஃபிரேமில் திருகு தளர்ந்துவிட்டது. போய்ச் சரிசெய்துகொண்டு வந்தாள். பத்து நாளில் மறுபடி தளர்ந்தது, மறுபடி போனாள். நாலாவது தடவை நானும் கூடப் போனேன். அவர் குனிந்து திருகை முறுக்கினார், ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை நீட்டினார். அக்கா அதை வாங்கி, அவரைப் பார்க்காமல் போட்டுக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டார்கள். என் கையிலிருந்த கதை நோட்டைப் பார்த்து அவர், "அந்த வகுப்புல பேச வேண்டியிருக்குமா?" என்று கேட்டார். எழுதினால் போதும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்துவிட்டார்.

அவர் எழுத்தை நீங்கள் கிண்டல் செய்வீர்களே, நினைவிருக்கிறதா? பக்கம் பக்கமாக எழுதுவார், ஒரு இடத்திலும் 'நான்' இருக்காது. 'நான்' மட்டுமா, 'வந்தேன்', 'பார்த்தேன்' என்று வினையின் வாலில் வரும் அந்த 'ஏன்' கூட இருக்காது. 'லென்ஸ் துடைக்கப்பட்டது', 'சிரிப்பு வந்தது' என்றே போகும். உங்கள் கதையில் எல்லாம் தானாக நடக்கிறது, செய்கிற ஆளைக் காணோமே என்று கேட்டீர்கள். அவர் காது சிவந்துபோய், "கூச்சமா இருக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போனது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, மாடிப்படியில் என்னை நிறுத்தி ஒரு உறையைக் கொடுத்தார். "அக்காகிட்ட குடுத்துடுங்க" என்றார். இரண்டே சொல், அதற்கே நெற்றி வேர்த்துவிட்டது.

உறை ஒட்டியிருந்தது. மெழுகு வெட்டுகிற கத்தியை லேசாகச் சூடு பண்ணி ஓரத்தில் ஓட்டினால் எந்தப் பசையும் வழிவிடும். பிறர் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று கேட்பீர்கள். ஒருவர் தோளில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் உறையை மட்டும் தொடாதே என்றால் எப்படி? கடிதம் இதுதான்:

"வணக்கம். திருகு தானாகத் தளரவில்லை. ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று தளர்த்தியே கொடுக்கப்பட்டது. மறுபடி வருவீர்கள் என்பதற்காக. தவறுதான், மன்னிக்கவும். கடை வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும் நாட்கள் நல்ல நாட்களாக இருக்கின்றன. மீதி நாட்களும் அப்படி அமைந்தால் வாழ்க்கை நன்றாக இருக்கும். சம்மதம் என்றால் தம்பியிடம் ஒரு வார்த்தை போதும். இல்லை என்றால் பதிலே வேண்டாம், புரிந்துவிடும். சங்கடப்படுத்தும் எண்ணம் கிடையாது."

படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், டீச்சர். கேலி இல்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அக்காவின் தையல் மெஷின் டப்பாவில் அதே திருகுக்குப் பொருந்தும் சின்னத் திருப்புளி இருக்கிறது. மெஷின் திருகையெல்லாம் அவளே முறுக்குவாள். அரை நிமிட வேலைக்கு ஒவ்வொரு தடவையும் தலை வாரி, நல்ல புடவை கட்டி, கடைத்தெரு வரை நடந்திருக்கிறாள். அவர் தளர்த்தியது அவளுக்குத் தெரியாது. அவளிடம் திருப்புளி இருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

தொடாதீர்கள் என்று நீங்கள் சொன்னது இதைத்தான் என்று அப்போதே புரிந்தது.

கடிதத்தைப் பழையபடி ஒட்டி, பல்செட் செய்யும் லேபில் மெழுகுப் பாளங்கள் இருக்கும் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஒரே ஒரு நாள்தான் என்று நினைத்தேன். ஒரு கடிதம் ஒரு நாள் தாமதமாவது தபாலில் சகஜம். தெரியாதவர் எப்படி நடந்துகொள்வார் என்று உற்றுப் பாருங்கள் என்றீர்களே, அந்த ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

ஒரு நாளில் ஒன்றும் தெரியவில்லை. மனிதர்கள் முதல் நாளில் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு வாரம் ஆனால்தான் விஷயம் வெளியே வருகிறது. அடுத்த ஞாயிறு கண்ணாடிக்காரர் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் படியேறும் சத்தம் கேட்டதும் எழுந்தார், என் முகத்தைப் பார்த்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் மாதிரி ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் மற்ற எல்லாரும் அவரைத் திட்டினோம். அதற்கடுத்த வாரம் பேனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். அத்தனையும் குறித்துக்கொண்டேன். வீட்டில் அக்கா, "உன் வகுப்புல யார் யார் வராங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். உங்களையும் சேர்த்து எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன், அவரை மட்டும் கடைசிக்கு வைத்தேன். ஏழு பேர் வரைக்கும் அவள் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். எட்டாவது ஆளைச் சொல்லும்போது கத்தி நின்றது. இப்படிப்பட்ட விவரத்தைக் கற்பனையில் பிடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த மாதம் வகுப்பில் என் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கண்ணாடிக்காரரை வாட்ச் ரிப்பேர்காரராக மாற்றியிருந்தேன். பதிலுக்காகக் காத்திருக்கும் மனிதர், அவர் தோளில் நாம். கடிதம் எங்கே போனது என்று அத்தியாயத்தில் இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது. முடித்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தீர்கள். "இப்பதான் பார்வை பிடிபட்டிருக்கு உங்களுக்கு" என்றீர்கள். மூன்று பயிற்சிக்குப் பிறகு கிடைத்த முதல் பாராட்டு. கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த மனுஷன்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் ரசனை உள்ளவர். தன்னையே அடையாளம் தெரியாத அளவுக்குக் கதையில் ஒன்றிப் போனார் பாருங்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். கதை அப்போது பாதியில் நின்றது. காத்திருப்பு எவ்வளவு நேரம்தான் சுவையாக இருக்கும்? அந்த நேரம் பார்த்து அக்காவே உதவி செய்தாள். ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் நம்ம தெருப்பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லேன்டா. திருகு மறுபடி ஆடுது" என்றாள். வெட்கத்தில் எனக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றிவிட்டாள். அந்தச் செய்தியை அவரிடம் சொன்னால் கதை அன்றோடு முடிந்துவிடும். கல்யாணத்தில் முடியும் கதைக்கு நீங்கள் என்றைக்கு நல்ல குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்?

ஆகவே நான் இரண்டு வாக்கியம் சொன்னேன். இரண்டும் சின்ன வாக்கியம். அவரிடம், "அக்கா படிச்சாங்க. ஒண்ணும் சொல்லலை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பி வந்து, மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு போனார். அக்காவிடம், "அவருக்கு வேற இடத்துல பொண்ணு பார்த்துட்டாங்க போல" என்றேன். அக்கா, "நல்லதுதானே" என்றாள். அன்று மாலை மெஷின் டப்பாவிலிருந்து திருப்புளியை எடுத்துத் திருகைத் தானே முறுக்கிக்கொண்டாள். முறுக்கியவள் ரொம்ப நேரம் முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், அவள் முகத்தில் இருந்ததை எழுத எனக்கு வேறு யாருடைய கண்ணும் தேவைப்படவில்லை.

சுயநலம் என்று நினைப்பீர்கள். அக்கா போய்விட்டால் இவனுக்கு யார் சோறு போடுவது, அதற்காகச் செய்திருக்கிறான் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அப்படி இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், முட்டை வேகவைப்பேன். துணிக்கு லாண்டரி இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பூசி மெழுகக்கூடாது என்றீர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா அக்காவைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கும் முன்பு திரைக்கம்பி கம்பெனி ஆள் ஒருவர் நேரிலேயே வந்தார். அவரிடம் அக்காவுக்கு அவ்வப்போது வலிப்பு வரும் என்றேன். அக்காவுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். அப்போதெல்லாம் எனக்குக் கதை எழுதும் எண்ணமே வந்ததில்லை.

கண்ணாடிக்காரர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். அண்ணன் ஊரில் அண்ணனோடு சேர்ந்து கடை வைக்கப் போவதாகவும், லென்ஸ் தேய்க்கும் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளம்புவதாகவும் உங்களிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். இனி திரும்ப மாட்டேன் என்றாராம். 'மாட்டேன்' என்று அவர் சொன்னதை நீங்கள் ஆச்சரியமாகச் சொன்னீர்கள்.

அவர் வராத தைரியத்தில்தான் அடுத்த அத்தியாயத்தை எழுதினேன், கடிதத்தை மறைக்கும் தம்பியின் அத்தியாயம். முதலில் அது என் குறிப்பு நோட்டில் தன்மையில் இருந்தது. வகுப்புக்காகப் படர்க்கைக்கு மாற்றினேன். நம் மொழியில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. 'நான்' என்பதை அடித்து 'அவன்' என்று போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு வினைச்சொல்லும் வாலில் ஆளைக் கட்டிக்கொண்டு திரிகிறது. பிரித்தேனைப் பிரித்தான் ஆக்கினேன். சிரித்தேனைச் சிரித்தான் ஆக்கினேன். மொத்தம் நூற்றுப் பதினேழு வினைகள், எண்ணினேன். தம்பியை டைப் அடிப்பவனாகவும் மாற்றினேன். முடித்து, திருப்தியாக, நோட்டை உங்களிடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினீர்கள். 'கடிதத்தை மெழுகு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.' நூற்றுப் பதினெட்டாவது வினை. கடைசி இரண்டு எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் 'தேன்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

கைதவறிவிட்டது என்றேன். "டைப் அடிக்கறவர் கிட்ட மெழுகு டப்பா எதுக்கு?" என்று கேட்டீர்கள். அதற்கும் ஏதோ சொன்னேன். அப்புறம் முந்தின பக்கத்தைத் திருப்பி, நான் கதைக்குள் வைத்திருந்த கடிதத்தைக் காட்டினீர்கள். அதை நான் மாற்றவில்லை. அதற்கு மேல் நன்றாக எழுத எனக்கு வராது. நீங்கள் அதன்மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினீர்கள். "இதுல ஒரு 'ஏன்' கூட இல்லை. இப்படி எழுதறவர் இந்த ஊர்லயே ஒருத்தர்தான்" என்றீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் நான், நடுங்கியது நீங்கள்.

அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்வதாகக் கிளம்பினீர்கள். நான்தான் தடுத்தேன். குடும்ப விஷயம், என் வாயால் சொன்னால்தான் முறை என்றேன். நீங்கள் யோசித்தீர்கள். சனிக்கிழமை நாலு மணிக்குள் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், சொல்ல வாய் வராவிட்டால் எழுதியாவது கொடுத்துவிட வேண்டும் என்றீர்கள். "நாலு மணிக்கு மேல சொன்னா அது சொன்னதுல சேராது" என்றும் சொன்னீர்கள். நான் சத்தியம் செய்தேன்.

இன்று சனிக்கிழமை. காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள். சொல்லியாகிவிட்டதா, எழுதிக் கொடுத்தாயிற்றா, அக்கா என்ன செய்கிறாள் என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டீர்கள். மூன்றாவதுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

"படிச்சிட்டிருக்காங்க."

"அழறாங்களா?"

"இல்லை. அமைதியாதான் படிக்கிறாங்க."

பக்கத்திலேயே இருங்கள், கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை, டீச்சர். அக்கா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள், சோபாத் துணி தள்ளுபடி விளம்பரம். எதை என்று சொல்லாமலே நம் மொழியில் வாக்கியம் முழுசாக நிற்கும். அதுவும் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

இரண்டு மணிக்கு நான் பல்செட் பாராவில் இருந்தேன். மூன்று மணிக்குத் திருப்புளியில். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வேகமாக எழுதினேன், ஆனால் உங்கள் கையில் போகிற எழுத்தை அரைகுறையாக விட மனம் வரவில்லை. மூன்றே முக்காலுக்கு அக்கா டீயோடு வந்தாள். டம்ளரை வைத்தவள் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"கண்ணாடிக் கடைக்காரர் ஊரை விட்டே போறாராமே. எங்க தையல் கடையில நேத்து பேசிக்கிட்டாங்க. கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்லையாம்டா, உனக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க."

"அப்படியா?" என்றேன்.

"எனக்கும் நாற்பத்து நாலு ஆச்சு. இனிமே என்ன வெட்கம்? நானே போய் ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவர் எப்பக் கிளம்பறார், உனக்குத் தெரியுமா?"

அக்கா இத்தனை நீளமாகத் தன்மையில் பேசி நான் கேட்டதே இல்லை. அசந்துபோனேன். சுவர்க் கடிகாரம் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. கடைத்தெருவுக்கு நடந்தால் பத்து நிமிடம், ஆட்டோவில் மூன்று நிமிடம். எழுதிய பக்கங்கள் எல்லாம் என் கைக்கு அடியிலேயே இருந்தன. தள்ளிவிட்டால் போதும், அவளே படித்திருப்பாள்.

"நாளைக்குக் காலையில" என்றேன்.

அக்கா சிரித்தாள். அப்படியானால் நாளைக்கு எட்டு மணிக்கே போய்விடுகிறேன் என்றாள். எந்தப் புடவை கட்டலாம், நீலமா பச்சையா என்று என்னைக் கேட்டாள். நீலம் என்றேன், அவளுக்கு நீலம்தான் எடுக்கும். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கான என் சட்டை நாற்காலியில் அப்படியே கிடக்கிறது. முதலில் புடவையை எடுத்திருக்கிறாள். ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்கிறது. அவள் பாடுவாள் என்றே நான் மறந்துபோயிருந்தேன்.

இப்போது மணி ஐந்து பத்து. வேன் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள், அதற்குத்தான் இத்தனை பக்கம். திருப்பிப் படித்துப் பார்த்தேன், காரணம் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. நாளைக்கு வகுப்புக்கு நான் வர முடியாது, இந்த நோட்டை யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறேன். எட்டு மணிக்குப் போகிறவள் எட்டரைக்குத் திரும்பி வந்துவிடுவாள். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பாவம், அவளுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?